கோடு மறைய எவ்வளவு நேரமாகும்?

இருங்கம்மா, ஒரே ஒரு நிமிஷம். அதைக் கையிலயே வெச்சிருங்க, இன்னும் மாட்டாதீங்க. மாட்டிட்டா என்னால வாயைத் திறக்க முடியாது, தாடைவரைக்கும் கவ்விக்குது. கேக்க வேண்டியதை இப்பவே கேட்டுடறேன். இந்த முகமூடியைக் கழட்டினதும் மூஞ்சி பூரா வலை வலையா கோடு விழுதே, அது மறைய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆளுக்கு ஆளு மாறும்னா எப்படிம்மா? என்னை மாதிரி ஆளுக்குச் சொல்லுங்க. பதினோரு மணிக்கு நான் மேல மூணாவது மாடியில இருக்கணும். அங்க ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. அவ கண்ணுல இந்தக் கோடு பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு.

அட, போட்டோ எல்லாம் இல்லம்மா. இந்த மூஞ்சிய யாரு போட்டோ எடுக்கப் போறா.

போன வாரம் இதுக்கு அளவெடுத்தாங்கல்ல, அன்னிக்குத்தான் கோடு விழும்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்க இல்ல, வேற ஒருத்தர். வெந்நீர்ல முக்கின பிளாஸ்டிக்கைக் கொண்டாந்து மூஞ்சி மேல விரிச்சு அமுக்கினாரு. முதல்ல இதமாத்தான் இருந்துச்சு, ஒத்தடம் குடுக்கற மாதிரி. அப்புறம் ஆற ஆற இறுகிக்கிட்டே வருது. மூக்கு, கன்னம், நெத்தி எல்லாம் அதுக்குள்ள. ரெண்டு பக்கமும் இந்தப் படுக்கையோட சேத்து டக்கு டக்குன்னு பூட்டிட்டு, அசையாதீங்கன்னாரு. அசையறதா? எச்சில் முழுங்கவே பயமா இருந்துச்சு. கத்தலாம்னு பாத்தா, வாயி எங்க இருக்கு கத்த? வீட்டுக்குப் போறேன், கீழ்வீட்டம்மா படியிலயே பிடிச்சுக்கிட்டாங்க. என்னங்க மூஞ்சில, கொசுவலையைக் கட்டிப் பிடிச்சுட்டுத் தூங்கினீங்களான்னு. ஆமாங்க, செம தூக்கம்னு சொல்லிட்டு மாடி ஏறிட்டேன்.

சிரிங்க, சிரிங்க. நானும் படியேறிப் போயி சிரிச்சேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், அது வேற.

வேலையா? போயிட்டுத்தான் இருந்தேன், இப்ப லீவு. பெரிய ஆபீஸ் ஒண்ணுல நுழைஞ்சதும் ஒரு மேஜை இருக்கும்ல, அதுல உக்காந்திருக்கறது நான்தான். யாரு, எவரு, யாரைப் பாக்கணும்னு கேட்டு, மேல போன் பண்ணி, அவங்க சரின்னாத்தான் கழுத்துல மாட்டிக்க அட்டை குடுப்பேன். என்னைத் தாண்டி ஒரு ஈ காக்கா உள்ள போகாது. முதலாளியோட மச்சான் ஒரு தடவை அட்டை இல்லாம விறுவிறுன்னு போனாரு. நிறுத்தி சோபாவுல உக்கார வெச்சுட்டேன். மனுஷன் இன்னிவரைக்கும் என்னைப் பாத்தா வேற வழியாப் போறாரு.

அப்படிப்பட்ட நான்மா. ஒருநாள் ஒருத்தர் மேஜைக்கு இடப்பக்கமா நின்னு மேடம், மேடம்னு கூப்பிடறாரு. குரல் கேக்குது, ஆளைக் காணோம். போன்லதான் யாரோ பேசறாங்கன்னு நினைச்சு, எடுத்துக் காதுல வெச்சு, சொல்லுங்க சார்ங்கறேன். அந்தாளுக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணு முன்னால நிக்கறவனை மதிக்க மாட்டேங்கறாளேன்னு மேல போயி கத்திட்டாரு. அப்புறம் கதவு நிலையில இடிச்சுக்கறேன், எப்பவும் இடது தோள்தான். தட்டுல இடது பாதியில இருக்கறதை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போறேன். வீட்டுக்காரரு, உனக்குக் கண்ணாடி மாத்தணும்டின்னாரு. மாத்தினோம். மறுபடியும் மாத்தினோம். கடைசியில கண்ணு டாக்டரம்மாதான் சொன்னாங்க, கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, தலையைப் படம் எடுங்கன்னு.

பின்னந்தலையில, வலப்பக்கம், ஒரு கட்டி. அங்க உக்காந்துக்கிட்டு இடப்பக்கத்தை மறைக்குதாம். நல்ல கூத்து.

நான் டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். எனக்கு வந்தது மார்லங்க. அதையும் எட்டு வருஷம் முன்னாடியே எடுத்தாச்சு, ஊசி போட்டாச்சு, இதே மாதிரி கரண்ட்டு வெச்சாச்சு, மாத்திரையும் முழுங்கியாச்சு. அங்க இருந்தது தலைக்கு எப்படிப் போகும், நடுவுல கழுத்து ஒண்ணு இல்லையான்னு. அவரு பாவம், பொறுமையா சொன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடியே அதுலேருந்து ஒண்ணு ரெண்டு செல்லு பிரிஞ்சு ரத்தத்துல கலந்து போயிருக்கும்மா, எங்கயாவது ஒரு மூலையில சத்தமில்லாம படுத்திருக்கும், வருஷக்கணக்கா தூங்கும், அப்புறம் எந்திரிக்கும்னாரு. சரி, மூளைக்குள்ள எப்படிங்க போச்சுன்னேன். அங்க ஒரு காவல் இருக்காம்மா, உங்களுக்குத் தெரியாததா. ரத்தத்துல வர்ற எல்லாத்தையும் மூளைக்குள்ள விடாதாம். கண்டது கடியது எதுவும் போக முடியாது, நிறைய மருந்துகூடப் போக முடியாதாம். அவ்வளவு கறார். ஆனா இது போயிருக்கு. கதவு இடுக்குல ஒட்டிக்கிட்டு நின்னு, மெல்ல உள்ள நுழைஞ்சு, அந்த இடத்து ஆளு மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுக் குடும்பம் நடத்துமாம். உள்ள போனப்புறம் அந்தக் காவலே அதுக்குப் பாதுகாப்பு. மருந்து வெளிய நிக்குது, இது உள்ள சொகுசா இருக்கு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. காலம் பூரா வாசலைக் காத்தவ நான். என் தலைக்குள்ள இருக்கற வாச்மேன் மருந்தைத் துரத்திட்டுத் திருடனுக்கு அட்டை குடுத்திருக்கான். என் ஆபீஸா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

எல்லாருக்கும் இப்படி ஆகாதுன்னும் சொன்னாரும்மா. அதையும் சொல்லணும்ல. நிறையப் பேருக்கு எடுத்ததோட சரி, திரும்பியே பாக்காதாம். என் தலையெழுத்து இப்படி.

கூட வந்தவரா? வீட்டுக்காரருதான், வெளிய பெஞ்சுல இருக்காரு. மேல போகக் கூடாதுன்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன். அவருக்குப் பொய்யே வராதும்மா. ஒரு புடவையை நல்லாருக்குன்னு சொல்ல வெச்சாக்கூட திணறுவாரு. மனசுல இருக்கறது மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். அவ பாத்தான்னா ஒரு நொடியில கண்டுபிடிச்சுருவா. நான் டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் லிஃப்ட்ல இறங்கி வந்தேன். டீ குடிச்சுட்டு மூஞ்சில வலையோட வந்தா யாரு நம்புவா? அதான் கேக்கறேன், ஈரத் துணி வெச்சா சீக்கிரம் போகுமா? கொஞ்சம் லூசாப் போட முடியாதா? ஆங், அசைஞ்சா கதிர் வேற இடத்துல பட்டுரும்ல. தெரியாமக் கேட்டுட்டேன். இறுக்கமாவே போடுங்க.

யாரு அவளா? தங்கச்சிம்மா. கூடப் பொறந்தவ. வீட்டுக்குக் கடைசி, அதனால செல்லம் ஜாஸ்தி.

அவளுக்கும் மார்லதான். சின்னதா இருக்கறப்பவே தெரிஞ்சுருச்சு, எடுத்துட்டா நல்லபடியா ஆயிரும்னு டாக்டர் அடிச்சுச் சொல்றாரு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு டாக்டர் வருவாரு, அவ கையெழுத்துப் போடணும். போன தடவை பேனாவைக் கையில வாங்கிட்டு வெச்சுட்டா. வீட்டுக்குப் போறேன்னு செருப்பை மாட்டிட்டா. டாக்டர் என்ன சொன்னாலும் அவ காதுல ஏறாது. என்னைத்தான் பாப்பா. அக்கா, உனக்குத் திரும்பி வரலைல்ல? எடுத்ததோட முடிஞ்சுதுல்ல? நீ பக்கத்துல வந்து நில்லு, நான் போட்டுடறேன். இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா. நான்தானே அவளுக்கு சாட்சி.

காலையில என்னைப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? அக்கா, நல்லா பூசினாப்பல இருக்கே, கன்னமெல்லாம் வந்துருச்சுன்னா. தலை வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரையில மூஞ்சி உப்பியிருக்கும்மா. அவ அதைப் பாத்து சந்தோஷப்படறா. என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா.

நிஜத்தைச் சொல்லலாம்தான். ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருவா. சின்னதா இருக்கறது பெருசாகும். அதுலேருந்தும் ஒண்ணு பிரிஞ்சு கிளம்பும். சொல்லலைன்னா, நாளைக்கு அவ கண்ணு முழிச்சப்புறம் நானே சொல்லியாகணும். அக்கா, என்னை ஏமாத்திட்டியேன்னு கேப்பா. கேக்கட்டும். கேக்கறதுக்கு அவ இருக்கணும்ல? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதாம்மா எனக்கு. இந்த முகமூடியாவது நீங்க வந்து கழட்டி விட்டுருவீங்க.

அவ கட்டிலைப் பாத்து வெச்சிருக்கேன். ஜன்னல் பக்கமா நின்னா எனக்கு வலப்பக்கத்துல வருவா. பேனா எடுக்கறது தெரியும், திரும்ப வெக்கப் போனா கையைப் பிடிச்சுக்கலாம். மாறி நின்னேன்னா அவ அழறதுகூட எனக்குத் தெரியாது.

சரி, நேரமாகுது. போட்டுட்டு நீங்களும் போயிருவீங்க, அந்தப் பெரிய கதவையும் மூடிருவீங்க. பரவால்ல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. அவகிட்ட சொல்லப் போறதை உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன், கேளுங்க. எடுத்தா முடிஞ்சுதுடி, என்னைப் பாரு, எட்டு வருஷம் ஆச்சு, ஒண்ணுமில்ல, நல்லாத்தானே இருக்கேன்.

எப்படி? நம்பற மாதிரி இருக்கா?

சொல்லுங்கம்மா. தலையாட்டறீங்களா? தலையாட்டினா எனக்கு எப்படித் தெரியும், நீங்க இடப்பக்கமில்ல நிக்கறீங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.