ஸ்கோப் அண்ணன் தேடிய முள்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சாலிடர் வாடையோடு வேலையிலிருந்து நேராக வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் பழுதுநீக்கும் கூடத்தின் தலைமைப் பொறியாளர், மின்னலுக்கே மூக்கணாங்கயிறு போட்ட மாவீரர், ஸ்கோப் அண்ணன் போய்விட்டார். எதற்கண்ணே இத்தனை அவசரம்?

அவருடைய முதல் டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்பை அறியாதவர் இங்கே உண்டா? மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் கோடாக வரையும் அந்தக் கருவியை மேசைமேல் ஏற்றினால் பூமியே ஒரு பக்கம் சாயும். அதன் விசிறிக் காற்றில் அடுத்த தெருவின் துணிகள் காயும். பச்சைக் கோடு எழுந்து வருவதற்குள் நமக்குத் தாடி வளர்ந்துவிடும். "அவளை அவசரப்படுத்தாதீங்கடா, சிங்காரிச்சுக்கிட்டு வருவா" என்பார்.

ஆனால் அவளுக்கு ஒரு குறை. கண்ணை மூடி மூடித் திறந்துதான் பார்ப்பாள். மூடிய நேரத்தில் வந்துபோனது அவளுக்குத் தெரியாது.

மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும் ஒரு லிஃப்டின் மின்சுற்று போர்டு நம்மிடம் வந்தது. "இதுல கரண்டு திடீர்னு ஒரு முள்ளு மாதிரி குத்திட்டுப் போகுது" என்றார் அண்ணன். திரையிலோ கோடு இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.

"முள்ளு எங்கண்ணே, உங்க செருப்புலயா?" என்றார் ஸ்டோர்காரர்.

"சிரிங்கடா. உள்ள மாட்டிக்கிட்டவன் சிரிக்க மாட்டான்."

அந்த போர்டை வெளியே அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. நிர்வாகத்திடம் புது ஸ்கோப் கேட்டார். கிடைத்தது என்ன? கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளும்படி அறிவுரை. அவரும் போனார். திரும்பி வந்தவர் கண்ணைக் கசக்கிக் கசக்கி அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் புது ஸ்கோப் வந்தது. கையில் அடங்கும் புத்தகம்போல் இருக்கிறது. நினைத்தாலே திரை ஒளிர்கிறது. கொசுவின் கண்சிமிட்டலைக்கூட எண்ணிச் சொல்லும். அந்த போர்டை மாட்டினோம். டீ ஆறுவதற்குள் முள் எழுந்து நின்றது. ஸ்டோர்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதில் கோட்டைச் சேமிக்கலாம், பெரிதாக்கலாம், உலகத்துக்கே அனுப்பலாம். அவருக்குக் காட்டத்தான் வழியில்லை.

உள்ளே வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசி வரைக்கும் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தாரு தம்பி. அந்த முள்ளு நெஜமாவே இருந்துச்சா?"

அண்ணி, இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம்.

தோழர்களே, அந்த போர்டைச் சரிசெய்யாமல் வாசலைத் தாண்ட விடமாட்டோம். இனி திரை என்ன சொன்னாலும், "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஒருவர் சொன்னால், அவர் உயிரோடு இருக்கும்போதே தேடிப் பார்ப்போம்.