மூழ்கிய மீனும் முழுதாய்ச் சேர்ந்த மீனும்

நாம் அனுப்பிய நெத்திலிக் கருவாட்டுக் கன்டெய்னர் ரீயூனியன் தீவுத் துறைமுகத்தில் பதினொரு நாளாக நிற்கிறது. மீனில் குறையில்லை, நான் கொடுத்த காகிதத்தில் குறை. இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்வது என்று மேடையேறும்போது முடிவு செய்தேன்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் சிறுவணிகர் சங்கத் தலைவர் எழிலரசன் அவர்களே! ஒரே கேள்வியை நான் ஒன்பது முறை கேட்டும் ஓடிப்போகாத வக்கீல் புருஷோத்தமன் அவர்களே! உழவர்கரையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! வெயிலில் விரித்து, வெயிலில் புரட்டி, வெயிலிலேயே வாரி, ஒரு கோடையையே கருவாட்டுக்குக் கொடுத்த வீராம்பட்டினத்துத் தாய்மார்களே! உங்கள் இருபத்திரண்டு பேரின் உழைப்பு அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது விலைபோகுமா, வீணாகுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே, அதை ஏற்றி அனுப்பிய வியாபாரி பாவாடை வந்திருக்கிறேன்.

போன வருடம் என்ன நடந்தது? புயலில் நம் கன்டெய்னர் கப்பலிலிருந்து கடலில் விழுந்தது. வாங்கியவர் நிர்மலாதேவி, நெல்லித்தோப்பில் பிறந்து, ரீயூனியனில் கடை நடத்துபவர். ஒரு மீன்கூட அவர் கைக்குப் போகவில்லை. ஆனால் பணம் வந்தது! ஏன் வந்தது? சரக்கின் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றையும் சேர்த்துப் பேசிய வியாபாரம் அது. காகிதம் சரியாக இருந்தால் வாங்கியவர் பணம் கட்ட வேண்டும். மூழ்கிய சரக்கின் நஷ்டத்தை அவர் இன்சூரன்ஸில் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் அப்படி.

இந்த வருடம்? அதே நிர்மலாதேவி, அதே பேச்சு. கடல் அமைதி. கப்பல் பத்திரம். மீன் மணக்க மணக்கப் போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை! மூழ்கிய மீனுக்குப் பணம் உண்டு, முழுதாய்ச் சேர்ந்த மீனுக்கு இல்லையா? இது கடலின் கணக்கா, கனவின் கணக்கா? முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் தலை சுற்றிப் போனேன் ஐயா!

தவறு எங்கே? தாய்மார்களோடு உட்கார்ந்திருக்கும் தனம் அக்கா, தலையைக் குனியாதீர்கள், தவறு என்னுடையது. இருபதாம் தேதிக்குள் கப்பலேற்ற வேண்டும் என்பது கெடு. பன்னிரண்டாம் தேதியே சென்னைத் துறைமுகத்தில் ஏறிவிட்டது. அன்று அட்டமி. அக்கா சொன்னார்: “தம்பி, அட்டமியில நாங்க தோணியே தள்ள மாட்டோம். அந்தத் தேதிய காயிதத்துல போட்டா மீனு வெளங்குமா?” எனக்கும் சுருக்கென்றது. சரக்கு ஏறியதற்குக் கப்பல்காரர் தரும் ரசீது இருக்கிறதே, அதில் பதினொன்று என்று போடச் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர், “ஒரு நாள்தானே சார்” என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார்.

நிர்மலாதேவி போன் செய்தார். “அண்ணே, பதினொன்னாந் தேதி அந்தக் கப்பல் சென்னைக்கே வரல. நெட்டுல பாத்துட்டேன், நடுக்கடல்ல நின்னுட்டு இருந்துச்சி. உங்க கருவாடு நீந்திப் போயி ஏறிச்சா?”

சிரியுங்கள், சிரியுங்கள்! நான் அன்று சிரிக்கவில்லை. நேரே வக்கீலிடம் ஓடினேன். “சார், பதினொன்னும் கெடுவுக்குள்ள, பன்னெண்டும் கெடுவுக்குள்ள. பெட்டியத் தொறந்து மீனப் பாக்கச் சொல்லுங்க!”

“மீன யாருங்க கேட்டா? சரக்கு சரியில்லன்னு தள்ளுற உரிம வேற, காயிதம் சரியில்லன்னு தள்ளுற உரிம வேற. பொய்த் தேதி போட்ட ரசீத அவங்க ஏத்துக்க வேண்டியதில்ல.”

புரிந்ததா? எனக்குப் புரியவில்லை! மறுபடி நிர்மலாதேவிக்கே போன் செய்தேன். “இங்க வெல எறங்கிடுச்சிண்ணே, அதுவும் ஒரு காரணம், மறைக்கல” என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அடுத்துச் சொன்னாரே, அதில்தான் அடங்கிப்போனேன். “இந்த ரசீதுல கையெழுத்துப் போட்டு அடுத்த வியாபாரிக்குக் கை மாத்தணும். அவரு மீனப் பாக்காம காயிதத்த நம்பித்தான் வாங்குவாரு. உங்க பொய்யில நான் கையெழுத்துப் போடணுமா?”

அன்பர்களே! கடல் நடுவே போகும் சரக்கை விற்றவன் பார்த்தானா? வாங்கியவன் பார்த்தானா? பணம் கொடுத்த வங்கி பார்த்ததா? பார்க்காத அத்தனை பேருக்கும் பார்வையாய் இருப்பது அந்த ஒற்றைத் தாள்! அதில் ஒரு நாள் பொய்யென்றால் மிச்சத்தை எவன் நம்புவான்? நல்ல நாள் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். அந்த நாளில் ஏற்றுங்கள். ஏற்றிய நாளை மட்டும் மாற்றாதீர்கள்! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதா என்றால், இல்லை. ராத்தூக்கத்தில் இன்னும் அந்த மூழ்கிய கன்டெய்னர் வந்து என்னைக் கேள்வி கேட்கிறது. என்ன? பின்வரிசையில் ஒரு குரல், “எங்க கூலி என்னாச்சி?” வந்துவிட்டேன் தாயே.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், கைதட்டியவர்களுக்கும், தட்டாமல் முறைத்தவர்களுக்கும் என் நன்றி, வணக்கம். நேற்று நிர்மலாதேவியுடன் பேசி முடித்தது இது: பழைய ரசீதைத் திருப்பிக் கொடுத்து, பன்னிரண்டாம் தேதியிட்ட ரசீது வாங்கி அனுப்ப வேண்டும், கன்டெய்னர் முழுவதையும் அவர் எடுத்துக்கொள்வார், கிலோ நானூறு என்று பேசியது இப்போது முந்நூற்றைம்பது, தாய்மார்களின் கூலி பேசியபடியே முழுதும், கிலோவுக்குக் குறைந்த ஐம்பது ரூபாய் பாவாடையின் தலையில்.