மாப்பிள்ளை மேலே இருக்கிறார்

எந்த மெஷின் நின்றாலும் முதலில் சாவியைப் பாருங்கள், சார். புதுப் பையன்கள் நேராக ஹைட்ராலிக் பம்ப்பைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்கள். பாதி நேரம் யாரோ போகிற போக்கில் சாவியைத் திருப்பி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் கோளாறு.

நீங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. புனே விமான் நகர் சைட்டில், ஆளை மேடையோடு தூக்கும் அந்த சிசர் லிஃப்ட் ஒரு மனிதரோடு ஏன் மேலேயே நின்றது என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ரோஹிணிக்கும் அருண்ராஜுக்கும் அன்று மதியம் பதிவுத் திருமணம். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, மறுநாள் ஜெர்மனிக்கு விமானம். கல்யாணச் சான்றிதழ் இருந்தால்தான் அவளையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள முடியும். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிக்டி வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். எனக்கு யார் சப்பாத்தி போடுவார்கள் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்ள அருண்ராஜ் சைட்டுக்கு வந்தார். பட்டு வேட்டி, புதுச் சட்டை.

“மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இந்த லிஃப்ட் மேல நின்னு பாக்கறீங்களா? ஏறும்போது உதறுது. கீழ நிக்கறவனுக்குத் தெரியாது.”

அதுவரை அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். மாப்பிள்ளை என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. உயரம் என்றால் அவருக்குப் பயம் என்று ரோஹிணி சொல்லியிருந்தாள். இருந்தும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். பாதுகாப்பில் நான் குறை வைப்பதில்லை, சார்.

கீழேயிருந்து இயக்கி நான்காம் மாடி வரை ஏற்றினேன். பிறகு சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“மாமா, நின்னு போச்சுங்க.”

“ஆமா மாப்பிள்ளை. கரண்ட்டா ஆயிலான்னு பாக்கணும்.”

பார்த்தேன். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மீட்டர் வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தேன். ஹோஸ்களைத் துடைத்துக் கசிவு தேடினேன். எதிலும் குறையில்லை, நல்ல மெஷின் அது. வாட்ச்மேன் வந்து, “காய் ஜாலா, காகா?” என்று மராத்தியில் என்ன ஆச்சென்று விசாரித்தான். வால்வு என்றேன். வால்வு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மாப்பிள்ளையைப் பட்டினி போடவில்லை. கயிறு கட்டி வடாபாவ் மேலே அனுப்பினேன், பச்சை மிளகாய் தனியாக மடித்து.

“மாமா, ஆபீஸ் மூடிருவாங்களே. வேற வழியே இல்லீங்களா?”

“மெஷினை அவசரப்படுத்தக் கூடாது மாப்பிள்ளை. அந்தப் பக்கம் பாருங்க, ஏர்போர்ட் தெரியும்.”

“தெரியுதுங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

காத்திருந்து அலுத்துப்போன ரோஹிணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேலே அவரைப் பார்த்தாள். கீழே என்னைப் பார்த்தாள். பிறகு மெஷினின் பின்புறம் தொங்கிய என் டூல் பையைப் பார்த்தாள். அதற்கு அடியில்தான் அவசரத்துக்கு இறக்கும் சிவப்புக் குமிழ். இழுத்தால் போதும், சாவியும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம், ஆயில் தானாகத் திரும்பி மேடை இறங்கிவிடும். சாப்பிடும்போதெல்லாம் நான் அவளிடம் மெஷின் கதைதான் பேசுவேன். அதன் பலன்.

“பையை எடுங்கப்பா.”

“ஆயில் சிந்தும்மா, பட்டுச்சேலையில...”

“பஹுத் ஹோ கயா, போதும்பா. எடுங்க.”

குமிழை அவளே இழுத்தாள். மெதுவாக இறங்கி வந்த மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமமாப் போச்சுங்க மாமா” என்றார். இப்படிப்பட்டவர் வெளிநாட்டில் எப்படிப் பிழைப்பார், நீங்களே சொல்லுங்கள்.

ஆபீஸ் அதற்குள் மூடியிருந்தது. அவர் பயணத்தைத் தள்ளிப்போட்டார். நாளைக்கு மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ரோஹிணி என்னோடு பேசுவதில்லை. சப்பாத்தி மட்டும் மேஜையில் இருக்கிறது. லிஃப்ட் சாவியை என் பையிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்ததும் அவள்தானே.

செய்தது தப்புதான், சார். இனி கம்பெனி மெஷின் எதையும் தொட மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நான் எதிரி இல்லை. நாளை இருவரும் அவளுடைய ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். பழைய வண்டியாயிற்றே என்று காலையில் ஃப்யூஸை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இதோ, சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.