உள்ளதைச் சொல்லும் மூப்பர்

போகும்போது ஒரு பை பிளிம்பிங் காய் கொண்டு போங்கள், போதகர் ஐயா. கொல்லையில் நிற்கும் மரம் ஓய்வில்லாமல் காய்க்கிறது. பாதி விழுந்து அழுகுகிறது. பாக்கியம் புளி வாங்குவதே இல்லை. கருவாட்டுக் குழம்புக்கு இந்தக் காயைத்தான் இரண்டாகக் கீறிப் போடுவாள். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அவள் கைப்பழக்கம் அது. இப்போது மாதர் சங்கத்தோடு உஜோங் பாசிருக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். வர நேரமாகும். உட்காருங்கள்.

நேற்று ஆராதனை முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். போன வருஷம் நான் அடக்கம் பண்ணிய ஒற்றைக்கால் மனிதனை எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அதற்கு முன்னால் யாரும் என்னை அந்த வார்த்தைகளில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

என்னைப் பற்றி காஜா பெராங்கில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். ரோடு போடும் கூலிகளை வேலை வாங்கிப் பேர் எழுதும் மண்டோர் நான். பத்து வருஷத்தில் ஒருவனுக்கு வராத நாளை வந்ததாக எழுதியதில்லை, வந்த நாளை வராததாகவும் எழுதியதில்லை. என் ஆள் பொன்னையா கிண்டல் பண்ணுவான்: "நம்ம மண்டோர்கிட்ட மழை வருமான்னு கேக்காதீங்கடா. நனைஞ்சப்புறம்தான் சொல்லுவாரு." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சபையில் என்னை மூப்பராக வைத்ததும் அதற்காகத்தான். வாலிபர் கூட்டத்தில் உண்மையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தத் தேவதாஸைத்தான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் கேட்ட அந்த மருதமுத்துவும் நானும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை. ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தோம். பாக்கியம் அப்போது அவன் பெண்சாதி. நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் படம் காட்டுகிறேன் என்று ஆட்களைக் கூப்பிட்டான். கொட்டகைக்குள் போன எங்களையெல்லாம் அப்படியே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான்.

அங்கே வேலை ஜோடிக் கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு மூங்கில், ஒரு சாக்கு. இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு மண் கொட்டியாக வேண்டும். ஒருவன் படுத்தால் மற்றவன் இரண்டு பேர் மண்ணையும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருதமுத்து பத்து நாள் தனியாகக் கொட்டினான். அதை நான் மறைக்கவில்லை. மண் சுமக்கும்போது பாக்கியத்தின் சமையலைப் பற்றியே பேசுவான். அவள் குழம்பின் ருசி, தின்னும் முன்பே எனக்குத் தெரியும்.

பிறகு அவன் வலது காலில் புண் வந்தது. எலும்பு தெரிந்தது. நான்கு நாள் இரண்டு பேர் மண்ணையும் நான் கொட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் ஒரு சிப்பாய் வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். மருதமுத்துவைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, கழிச்சல் உண்டா என்று சைகையில் கேட்டான். நான் தலையாட்டினேன். உண்டுதான். அந்த முகாமில் கழிச்சல் இல்லாதவன் யார்? கழிச்சல்காரர்களுக்கு ஆற்றோரம் தனிக் கொட்டகை இருந்தது. அங்கே சோறு போகாது. இரண்டு பேர் அவனைச் சாக்கில் தூக்கிப் போனோம். நான் தலைப்பக்கம் பிடித்தேன்.

"எனக்குப் புண்ணு மட்டும்தான்டா, தேவா. அவன்கிட்டச் சொல்லுடா" என்றான் மருதமுத்து.

எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. அதுவும் உண்மை.

மறுநாள் எனக்கு வேறு ஜோடி கொடுத்தார்கள். நல்ல திடமான ஆள்.

ஆறு நாள் கழித்து எங்களை அடுத்த முகாமுக்கு நடத்திப் போனார்கள். பாதை அந்தக் கொட்டகை ஓரமாகப் போனது. வாசலில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மருதமுத்து நின்றான். "டேய் தேவா, நான் எந்திரிச்சிட்டேன்டா" என்று கூப்பிட்டான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அடி விழும், அதனால் நடந்தேன். எனக்கு முன்னால் போனவன் திரும்பிக் கையசைத்தான். அவனுக்கு அடி விழவில்லை. இதையும் சொல்லிவிடுவது நல்லது.

சண்டை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய அன்று பாக்கியம் குழாயடியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். "அவரு எங்க?" என்றாள்.

"கழிச்சல் கொட்டகையில கொண்டு போய்ப் படுக்க வச்சேன். அங்க போனவங்க யாரும் எங்களோட திரும்பி வரல" என்றேன்.

இதில் எந்த வார்த்தை பொய், சொல்லுங்கள். செத்துப்போனான் என்று நான் சொல்லவில்லை. தாலியை அவளே கழற்றினாள்.

சயாமில் செத்தவனுக்குக் காகிதம் கிடையாது. திரும்பி வந்தவன் வாய்ச்சொல்தான் அந்நாளில் மரணப் பத்திரம். இரண்டு வருஷம் கழித்து நான் பாக்கியத்தைக் கேட்டபோது, தோட்டத்துப் போதகர் என்னைப் பீடத்தின் முன்னால் நிறுத்தி, வேதத்தின் மேல் கைவைத்து அதே வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று முறையும் போதகர் சபையைப் பார்த்துக் கேட்டார். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் எந்தச் சபையிலும் இல்லை.

தோட்டத்தை விட்டு இங்கே வந்தோம். பெண் இரண்டு பிறந்தது. அவளை நான் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. வருஷத்தில் ஒரு நாள், என்னை லாரியில் ஏற்றிய அதே தேதியில், உபவாசம் இருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

போன வருஷம் ஜூலை. சுதந்திரத்துக்கு மெர்டேக்கா ஊர்வலம் போக வேண்டும் என்று ரோட்டுக்கெல்லாம் அவசரமாகத் தார் போட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானம், ஆட்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். தார் டிரம் பக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவன் நின்றான். வலது கால் முழங்காலோடு இல்லை. பார்த்ததும் தெரிந்தது. அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை.

கொட்டகையிலிருந்து ஒரு சயாம் கிழவன் அவனைத் தூக்கிப் போய்க் காலை வெட்டிக் காப்பாற்றியிருக்கிறான். அந்த வீட்டிலேயே கூடை முடைந்துகொண்டு கிடந்திருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாது, கையில் ஒரு காகிதம் கிடையாது. கிழவன் செத்த பிறகு அரிசி லாரியில் ஒளிந்து எல்லை தாண்டி வந்திருக்கிறான். தோட்டத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. தேவதாஸ் மலாக்காவில் மண்டோர் என்று மட்டும் யாரோ சொன்னார்களாம்.

கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து கொடுத்தேன். சாப்பிட உட்காரும் முன்னே கேட்டான்.

"பாக்கியம் உசிரோட இருக்கா?"

"இருக்கு."

"தனியாவா?"

"இல்ல. கழுத்துல வேற தாலி. புள்ளைங்க ரெண்டு."

"ஆளு நல்லவனா?"

"சபையில மூப்பர்."

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சோற்றைப் பிசைந்தான். இரண்டாம் உருண்டையில் கை நின்றது. குழம்பிலிருந்து பிளிம்பிங் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்றான். ரோட்டோரக் குழாயில் சட்டியைக் கழுவி, தன் சட்டையாலேயே துடைத்து என்னிடம் நீட்டினான்.

"நீ மாறவே இல்லடா, தேவா. கேட்டதுக்கு மட்டும்தான் பதிலு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் வந்தது அதுக்குத் தெரிய வேணாம். எனக்கு ஒரு ஐசி மட்டும் எடுத்துக் குடு. நான் இன்னாருன்னு ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லு. உஜோங் பாசிர்ல வலை பின்னிக்கிட்டுக் கெடப்பேன், உன் பக்கமே வரமாட்டேன்."

அப்போது கம்யூனிஸ்ட் கலவரம் அடங்காத நேரம். அடையாளக் கார்டு இல்லாதவனை ரோட்டில் பார்த்தாலே பிடிப்பார்கள். பெயர் தெரிந்த ஆள் ஒருவர் சாட்சி சொன்னால்தான் கார்டு. சரி என்றேன், மறுநாள் கூட்டிப் போகிறேன் என்றேன். கூட்டிப் போனேன். ஆனால் உஜோங் பாசிர் இங்கிருந்து சைக்கிளில் அரைமணி நேரம்தான். மாதர் சங்கம் மாதம் ஒரு முறை அங்கே போகும்.

பதிவு ஆபீசில் சேதுராமன் என்று ஒரு எழுத்தர். நீங்கள் அறிந்தவர்தான். மரியாதையாக நாற்காலி போட்டார். "உங்க வாய்ல ஒரு ஆமாம் வந்தாப் போதும், மூப்பரே. முத்திரை கையில இருக்கு. இவர்தான் தோட்டத்து மருதமுத்துவா?" என்றார்.

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எனக்குத் தெரிஞ்ச மருதமுத்துவை நாப்பத்து மூணுல கழிச்சல் கொட்டகையில விட்டேன். வேதத்து மேல கைவச்சு அதைச் சொல்லியிருக்கேன். அந்த மருதமுத்துவுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு."

சேதுராமனுக்கு முகம் மாறியது. இவரா இல்லையா என்று இன்னொரு முறை கேட்டார். எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றேன். சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, அதனால் அதுவும் சரிதான்.

அவர் மருதமுத்துவின் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல உன்னைத் தெரிஞ்சவங்க வேற யாராச்சும் இருக்காங்களா? ஒரு பொம்பளையா இருந்தாலும் சரி. கூப்பிட்டு அனுப்புறேன்."

மருதமுத்து என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தான். அன்றைக்கும் கொண்டு போயிருந்தேன். "யாருமே இல்ல சார்" என்றான்.

சாயங்காலத்துக்குள் அவனை ஏற்றிப் போகப் போலீஸ் லாரி வந்தது. மூன்றாம் வாரம், அடைத்து வைத்த இடத்தில் மருதமுத்து காய்ச்சலில் செத்தான். சாகும் முன் ஜெபம் பண்ணியதைப் பார்த்துக் கிறிஸ்தவன் என்று நம் சபைக்குச் சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் சிங்கப்பூர் மாநாட்டில் இருந்தீர்கள். மூப்பர் என்ற முறையில் நான்தான் வாசித்தேன். பெயர் வர வேண்டிய இடத்தில் "இந்தச் சகோதரன்" என்று வாசித்தேன்.

பாட்டுப் பாட மாதர் சங்கம் வந்தது. பாக்கியமும் வந்தாள். யாருங்க இது என்று என்னிடம் கேட்டாள். சயாமிலிருந்து வந்தவர் என்றேன். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "பாவம், இவரைத் தேடிக்கிட்டு எவ உக்காந்திருக்காளோ" என்றாள். மூன்று பிடி மண் அள்ளிப் போட்டாள். மற்றவர்கள் ஒரு பிடிதான் போட்டார்கள்.

அவ்வளவுதான், ஐயா. இது உங்கள் காதுக்கு எப்படி வந்தது என்று நேற்றுச் சொன்னீர்கள். அவனை லாரியில் ஏற்றும்போது சேதுராமன் என்னைத் திட்டினாராம். அதற்கு மருதமுத்து, "அவரை வையாதீங்க சார், அவரு பொய் சொல்லத் தெரியாத ஆளு" என்றானாம். ஊர் பேர் தெரியாதவனுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு வருஷமாகச் சேதுராமனுக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

மூப்பர் பதவியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கியத்திடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். அவள் கேட்டால் நானே சொல்வேன், ஒரு வார்த்தை மறைக்க மாட்டேன். அவள் கேட்க மாட்டாள். எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. அந்த ஆபீசில் நடந்ததை மட்டும் எடுத்து, வார்த்தை வார்த்தையாக நிறுத்துப் பாருங்கள். நான் நிறுத்துப் பார்த்துவிட்டேன். மேஜைக்கு முன்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவன்தான் பொய் சொன்னான், ஐயா. அது நான் இல்லை.