மூன்றாவது அறிவிப்பு

இந்த விடுதியில் மாட்டிறைச்சி வறுவல் நன்றாகவே இருக்கும், மரண விசாரணை அதிகாரி ஐயா. விசாரணை முடிந்ததும் சாப்பிட்டுப் பாருங்கள். இதோ உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஜூரர்களும் அதை நினைத்துத்தான் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களில் ஏழு பேருக்குத் தங்கள் பெயரை எழுத வராது. ஆனாலும் என் மகள் ஹெஸ்டர் எப்படிச் செத்தாள் என்று அவர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். சட்டம் அப்படி.

எனக்கு மூன்று பெண்கள். மூத்த இருவரும் தாயைக் கொண்டு பிறந்தவர்கள். தொப்பிக்கு எந்த ரிப்பன் என்பதிலேயே ஒரு நாளைக் கழிக்கத் தெரிந்தவர்கள். என் மனைவிக்கு வாயைத் திறக்கத் தெரியும், மூடத்தான் தெரியாது. நான் சொல்வதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று ஹெஸ்டர் ஒருத்திக்குத்தான் தெரியும். பத்து வருஷமாக என் படிப்பறையில் எதிர் நாற்காலி அவளுடையது. "இந்த வீட்டில் புத்தியுள்ளவள் இவள் ஒருத்திதான்" என்று விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லுவேன். மனைவி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உரக்கவே சொல்லுவேன்.

தேவாலயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரைப் பாதிரியார் வாட்லிங் மூன்று ஞாயிறு வாசிப்பார். தடை இருந்தால் சொல்லலாம் என்று நிறுத்துவார். யாரும் மூச்சு விடமாட்டார்கள். எட்டு வயதிலேயே ஹெஸ்டர் என் காதோரம் வந்து கேட்பாள்.

"இன்னைக்காவது யாராவது எழுந்திருப்பாங்களாப்பா?"

"மாப்பிள்ளை எழுந்தாலும் எழுந்திருப்பான். நேத்துதான் மாமியாரைப் பார்த்திருக்கான்."

அவள் கையுறையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

இந்த வசந்தத்தில் லெப்டினன்ட் ராண்டல் ஹெஸ்டரைப் பெண் கேட்டு வந்தார். கப்பற்படைக்காரர், நல்லவர். அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வேடிக்கையாக ஏதாவது சொன்னால், அவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்பது போலப் பார்ப்பார். ஒயின் குடித்துக்கொண்டே சம்மதம் சொன்னேன். பிறகு ஹெஸ்டரிடம் கேட்டேன், இந்த மரக்கட்டையோடு என்ன செய்யப் போகிறாய் என்று.

"அவருக்குச் சிரிக்கத் தெரியலைதான். ஆனா நான் பேசினா காது கொடுத்துக் கேக்கறாருப்பா" என்றாள்.

எங்கள் தரத்து மனிதர்கள் பிஷப்பிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, இந்த வாசிப்பைத் தவிர்த்து, சந்தடியில்லாமல் கல்யாணத்தை முடிப்பார்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். வேண்டாம், ஊரறிய மூன்று ஞாயிறு வாசிக்கட்டும் என்றேன். எளிமை என்று பாதிரியார் என்னைப் பாராட்டினார். அவர் எதையும் பாராட்டுவார்.

மூன்றாவது ஞாயிறு. வாட்லிங் வாசித்து நிறுத்தினார். நான் எழுந்தேன்.

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. கையுறை வாய்க்குப் போய்விட்டது. எங்கள் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். நான் உட்காருவேன் என்று காத்திருந்தாள். "தடை சொல்கிறேன்" என்றேன். இருபத்தொன்று நிரம்பாத பெண்ணுக்குத் தகப்பன் அப்படிச் சொன்னால், வாசித்தது மூன்றும் செல்லாது. சபை சிரித்தது. ராண்டல் எழுந்து வெளியே போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் வாட்லிங் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"தமாஷுக்குச் சொன்னேன், சம்மதம்தான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க ஐயா. நானே போய் அனுமதிச் சீட்டு வாங்கிடறேன். வியாழக்கிழமை அவர் கப்பல் கிளம்புது."

விளக்கம் எழுதிக் கொடுத்தால் அது தமாஷாக இருக்காது என்று சொல்லி அனுப்பினேன். கப்பல் வியாழனன்று கிளம்பியது. தன்னைச் சபை நடுவே கேலி செய்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று ராண்டல் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த மனிதர் எழுதியதில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஹெஸ்டர் படிப்பறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க உக்காந்துடுவீங்கன்னு நெனச்சேம்ப்பா" என்றாள்.

அவளுக்குப் பிடித்த பக்கத்தை உரக்க வாசித்தேன். சிரிக்க வேண்டிய இடம் வந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுபடி வாசித்தேன். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆலைக் குளத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

விளையாட்டு வினையாயிற்று என்று ஊர் என்மேல் இரக்கப்படுகிறது. ஊருக்கு அவ்வளவுதான் எட்டும். அந்த நேரத்தில் தோன்றியதா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை, ஐயா. அனுமதிச் சீட்டு வேண்டாம் என்ற அன்றே முடிவு செய்துவிட்டேன். இன்னும் எட்டு மாதத்தில் அவளுக்கு இருபத்தொன்று நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. புத்தி கலங்கிக் குளத்தில் இறங்கினாள் என்றால் தேவாலயத் தோட்டத்தில் இடம். தெளிந்த புத்தியோடு என்றால் அது தற்கொலைக் குற்றம்; நாற்சந்தியில், ஜெபமில்லாமல், ஒரு குழி. ஜூரர்களில் ஒருவரான கசாப்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்றுமுன் சொன்னதைக் கேட்டீர்கள். "கலங்கியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா, நாங்க அப்படியே எழுதிடறோம்." காலையில் என் மனைவியும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத்தனை வருஷமா என்னைப் பைத்தியம்னு சொன்னீங்களே, அதை அவளுக்கு ஒரு தடவை சொல்லுங்க. புள்ளைய தெருவுல போடாதீங்க." என்னைச் சந்தித்த நாளிலிருந்து அவள் பேசியதில் அர்த்தமுள்ளது அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சத்தியம் செய்துவிட்டு நான் பொய் சொல்லமாட்டேன். தெளிந்த புத்தியோடு இருந்தாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இதில் எனக்கென்று சுயநலம் எதுவும் கிடையாது. தேவாலயத் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து தெரியாது. நாற்சந்தி என் படிப்பறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. உரக்க வாசித்தால் அங்கே கேட்கும்.