எட்டாம் நம்பர் பெட்டி

"எழுந்திரு தோஸ்த்! பாலாத்துத் தண்ணி வந்துடுச்சு! ஓடு!"

பக்கத்து வீட்டு அமீர் பாய். கதவில் இரண்டு அடி. காலை ஐந்தேகால். தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறது. என் மனைவி சரளா இருமுகிறாள். பரணில் ஷூ கம்பெனி அட்டைப் பெட்டிகள். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, பத்திரம், மருந்து எல்லாம் அதில்தான் இருக்கும். ஒன்றை இழுத்தேன். ஓடினோம். பின்னால் அமீர் பாய் வீட்டுச் சுவர் விழுந்தது. மொத்தென்று ஒரே சத்தம். அவர் அதன் அடியில் இருந்தது மதியம்தான் தெரிந்தது.

முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். தோல் துண்டு. நூல்கண்டு. சரளாவின் டிபி மாத்திரையும் ஆஸ்பத்திரி கார்டும் எட்டாம் நம்பர் ஷூ பெட்டியில். நான் எடுத்தது ஒன்பது. மாத்திரை ஆரம்பித்து இது மூன்றாம் மாசம். ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா வாசலில் நின்று கத்துகிறார். "சுகர், பிரஷர், டிபி, யாருக்குன்னா இருக்கா?" அறையில் நாற்பது பேர். சரளா என்னைப் பார்க்கிறாள். நான் தரையைப் பார்த்தேன்.

நான்காம் நாள் நர்ஸம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "கார்டு இல்லாம எப்படி? வி.ஏ.ஓ.கிட்ட லெட்டர் வாங்கினு வா" என்றார். வி.ஏ.ஓ., "மாத்திரை ஆஸ்பத்திரி வேலை. என்கிட்ட போர்வைதான் இருக்கு" என்றார். ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போர்வையோடு திரும்பினேன்.

ஏழாம் நாள் காலை. அங்கன்வாடி டீச்சர் முட்டை கொடுக்க வந்தார். இருமலைக் கேட்டார். என்னை வெளியே கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏண்ணா, இத்தினி நாளா வாயில இன்னா கொழுக்கட்டையா?"

நர்ஸம்மாவையும் வி.ஏ.ஓ.வையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். நர்ஸம்மா டிபி ஆபீசுக்குப் போன் போட்டார். பேரும் செல் நம்பரும் போதுமாம். கார்டே வேண்டாமாம். வி.ஏ.ஓ. தீயணைப்புக்காரரிடம் பேசினார். எல்லாம் பத்தே நிமிஷம். மதியம் படகில் மாத்திரை வந்தது. சரளா தண்ணீர் கேட்டாள். விழுங்கினாள்.

போனதை எழுதுகிறேன். வீடு ஒன்று. தையல் மெஷின் ஒன்று. ஆடு இரண்டு. அமீர் பாய். மாத்திரை இல்லாத நாள் ஆறு. அதில் கடைசி மூன்று அவர்களுடையது. முதல் மூன்று என்னுடையது.