‘கால் உள்ளே வந்தாச்சா?’ என்று கேட்ட நடத்துநருக்கு

முப்பத்து மூன்று ஆண்டுகள் எம்மோடு உழைத்து, இன்று மாலை ஐந்து மணியோடு விடைபெறும் எங்கள் அன்பு அண்ணனே! படிக்கட்டின் பாதுகாவலரே! பதறாத பண்பாளரே! நெரிசலிலும் நெறி தவறாத நெஞ்சினரே! விசிலுக்கு விவேகம் கற்பித்த வித்தகரே! ‘மூணு நிமிஷம்’ என்று நாங்கள் சூட்டிய பட்டப்பெயரை முகம் சுளிக்காமல் சுமந்த பொறுமையின் பொக்கிஷமே! பணிமனை ஊழியர் அனைவரின் பணிவான வணக்கம்.

இம்மடலை வாசிக்க எழுந்து நிற்பவர் யாரென்று தாங்கள் அறிவீர்கள். பதினோராண்டுகள் தாங்கள் பின்படியில் நிற்க, அதே வண்டியின் முன்னிருக்கையில் ஸ்டியரிங் பிடித்த ஓட்டுநர் அவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடங்களில் இம்மடல் ‘அவர்’ என்றே சொல்லும். “நான்னு எழுதினா என்னால வாசிக்க முடியாதுப்பா, அவர்னே எழுதுங்க” என்று கேட்டுக்கொண்டவரும் அவரேதான். வாசிக்கும்போது குரல் தடுமாறினால் அவையோர் பொறுத்தருள்க.

பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது எங்களுக்கு வேலை. தங்களுக்கோ அது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு! கர்ப்பிணி ஒருவர் ஏறினால், “பின்சீட்டு வேண்டாம்மா, சக்கரத்துக்கு மேல தூக்கித் தூக்கிப் போடும், நடுவுல வந்து உக்காருங்க” என்பீர்கள். குமட்டலில் முகம் வெளிறிய பள்ளிச் சிறுமியிடம், “ஃபோனப் பாக்காத கண்ணு, சன்னலத் தொறந்துட்டு முன்னால ரோட்டப் பாரு” என்பீர்கள். முதுகுப்பையோடு நிற்கும் கல்லூரிக் கூட்டத்திடம், “பைய முன்னால மாட்டுங்கப்பா, பின்னால கெடந்தா திருடனுக்கு வசதி, பக்கத்துல நிக்கறவருக்கு இடி” என்பீர்கள். சன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டியவரிடம், “சார், அதுக்கு ஸ்பேர் கெடையாது, உள்ள வைங்க!” என்பீர்கள். தூங்கி விழுபவரிடம், இறங்குமிடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, “நிம்மதியாத் தூங்குங்க, நான் எழுப்பறேன்” என்பீர்கள். இறங்கியதும் வண்டிக்கு முன்னால் சாலையைக் கடக்கப் பாய்பவரை, “வண்டி போகட்டும் தாயி, அப்புறம் போங்க, எதிர்ல வர்றவனுக்கு உங்களத் தெரியாது” என்று சட்டென நிறுத்துவீர்கள். இத்தனையும் யாரும் தங்களுக்கு இட்ட கட்டளை அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தை விலக்கிப் பின்படிக்கு வந்து, குனிந்து பார்த்து, “கால் உள்ளே வந்தாச்சா?” என்று கேட்பீர்கள். “வந்தாச்சு!” என்று படியிலிருந்து பதில் வந்த பிறகே, புறப்படச் சொல்லும் இரட்டை விசிலை ஊதுவீர்கள். நிறுத்தத்துக்கு ஏழு விநாடி. வழியில் இருபத்தாறு நிறுத்தம். ஆக மொத்தம் கடைசி நிறுத்தத்தில் மூன்று நிமிடத் தாமதம். மழையோ வெயிலோ, தாங்கள் அந்த மூன்று நிமிடத்தைக் குறைத்ததும் இல்லை, கூட்டியதும் இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனால், தங்கள் வண்டி உள்ளே நுழைவதைப் பார்த்து, அட்டவணை நேரத்தோடு மூன்று நிமிடத்தைக் கூட்டி, நேரக் காப்பாளர் முள்ளைத் திருப்பி வைத்தது இப்பணிமனையின் பழைய வேடிக்கை.

அந்த வேடிக்கை எங்களுக்கு எப்போது கசந்தது? தங்கள் வண்டி தாமதித்தால் அடுத்த வண்டி காத்திருக்கும். அடுத்த வண்டி காத்திருந்தால் எங்கள் தேநீர் ஆறிப்போகும். அண்ணா, சொல்லவே நாக் கூசுகிறது, ஆனாலும் இன்று மறைத்தால் என்றும் மறைத்ததாகிவிடும். அந்தத் தேநீருக்காகத்தான் நாங்கள் மேலாளருக்கு விண்ணப்பம் எழுதினோம். தாமதத்துக்குக் காரணம் தாங்களே என்றும், தங்களை வண்டியிலிருந்து மாற்ற வேண்டும் என்றும் இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து ஓட்டுநருடையது. “கூட ஓட்டற நீங்க போட்டாத்தான் மேலாளர் நம்புவாரு” என்று பேனாவை நீட்டினோம், அவர் தயங்கினார், நாங்கள் சிரித்தோம், அவர் போட்டார்.

மேலாளர் தங்களைப் பயணிகளுக்கு வண்டி விவரம் சொல்லும் வேலைக்கு மாற்றினார். விசிலைத் துடைத்துப் பொருள் அறையில் ஒப்படைத்துவிட்டு, விசாரணை சன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தீர்கள். தங்கள் இடத்துக்கு வேறொரு நடத்துநர் வந்தார். வண்டி நிமிடம் பிசகாமல் ஓடியது. தேநீர் சூடாகக் கிடைத்தது.

நாற்பத்தொன்றாம் நாள், மருத்துவமனை நிறுத்தத்தில், அந்தத் தையற்கார அம்மா இறங்கினார். தைத்த துணிகளின் மூட்டையோடு தினமும் வருகிறவர். ஒரு கையில் மூட்டை, மறு கையில் கம்பி, எப்போதும் ஒரு கணம் மெதுவாகவே இறங்குகிறவர். தாங்கள் இருந்தவரை அந்த ஒரு கணம் அவருக்கு வாய்த்திருந்தது. அன்று அவருடைய வலது கால் படியில் இருந்தபோதே இரட்டை விசில் ஒலித்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி சரியான நேரத்தில் இருந்தது. அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அந்த அம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. தையல் எந்திரத்தை மிதித்துக் குடும்பத்தைக் காத்த கால் அதுதான்.

விசில் ஊதிய நடத்துநர் வேலையை விட்டே போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி ஆயிற்று. பழியை அவர் கொண்டுபோனார். பாவம் எங்களிடம் தங்கிவிட்டது.

அன்று மாலை, மருத்துவமனையிலிருந்து நேராகத் தங்கள் சன்னலுக்கு வந்து நின்றார் ஓட்டுநர். ‘இதுக்குத்தானே தெனமும் குனிஞ்சு பாத்தேன்?’ என்ற ஒரு சொல்லைக் கேட்கவே வந்தார். அதைக் கேட்டால், திட்டு வாங்கினால், மனம் சற்றேனும் ஆறும் என்று நினைத்தார். தாங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள். கதவைத் திறந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, “மொதல்ல உக்காருங்க. ஏதாவது சாப்டீங்களா?” என்றீர்கள். அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் நாள்தோறும் அந்தச் சன்னலைக் கடந்தார். ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். இனி நாளை இல்லை என்பதால்தான் இன்று இங்கே நிற்கிறார்.

சன்னலுக்குப் பின்னாலும் தாங்கள் மாறவில்லையே! “எத்தனாம் நம்பர் வண்டி?” என்று கேட்டவருக்கு எண்ணோடு, “அது கூட்டமா வரும், அடுத்தது பத்து நிமிஷத்துல காலியா வரும், அவசரம் இல்லன்னா அதுல போங்க” என்ற அறிவுரையும் சேர்த்தே கிடைத்தது. வரிசை நீண்டது. அங்கும் மூன்று நிமிடம்தான்! ஆனால் அண்ணா, இம்முறை ஒருவரும் விண்ணப்பம் எழுதவில்லை.

விடுமுறை நாட்களில் தாங்கள் எங்கே போனீர்கள் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். அந்த அம்மாவின் எந்திரத்துக்குக் கையால் சுற்றும் சக்கரம் தேடி அலைந்து, வாங்கிப் பொருத்திக் கொடுத்தீர்கள். இதையும் தாங்கள் சொல்லவில்லை, அந்த அம்மாதான் சொன்னார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இம்மடலை மரச்சட்டத்துக்குள் சுற்றியிருக்கும் நீலத்துணி அவர் தைத்தது.

எங்கள் அண்ணனே! ஏழு விநாடிப் பொறுமைக்கு எங்களிடம் மதிப்பில்லாமல் போன நாட்களை நினைத்து நெஞ்சு வேகிறது. எங்கள் கையெழுத்துதான் தங்களை அந்தப் படியிலிருந்து இறக்கியது. மன்னியுங்கள். இச்சொல்லை எழுதியது நாங்கள் இருபத்திரண்டு பேர். தங்கள் முகம் பார்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது ஓட்டுநர். மன்னியுங்கள் அண்ணா.

தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். ஏறும் வண்டியிலெல்லாம் தங்களுக்கு இருக்கை கிடைக்க வேண்டும். இறங்கும் இடத்திலெல்லாம் யாரேனும் ஒருவர் தங்கள் காலைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொருள் அறையில் கிடந்த தங்கள் விசிலைத் தேடி எடுத்துத் துடைத்து, இம்மடலோடு வைத்திருக்கிறோம். இன்று ஐந்தரை மணி வண்டியில் தங்களை வீட்டுக்கு அழைத்துச் செல்லப்போவது தங்கள் பழைய ஓட்டுநர். அந்த அம்மாவும் அதே வண்டியில்தான் வருகிறார். ஊன்றுகோலோடு ஏற அவருக்குச் சற்று நேரம் பிடிக்கும். தாங்கள் பின்படிக்கு வந்து, குனிந்து பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டு, விசில் ஊதும்வரை வண்டி நகராது. எத்தனை நிமிடம் ஆனாலும் ஓட்டுநர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவண்,
அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட அதே வரிசையில்,
ஓட்டுநர் முதலாக,
இருபத்திரண்டு பேர்.